வேலிக்கு அந்தப் பக்கம்

"சாகப்போற மனுஷனோட ஜன்னலுக்குக் கீழேயா ஆணி அடிப்பாங்க? இந்த மதருக்கு நெஞ்சுல என்னதான் இருக்கு?" ஃப்ளோரா திரையை இழுத்து மூடினாள்.

"அங்கயும் ஆணிதான்" என்றார் படுக்கையில் கிடந்த அப்பா ஹெக்டர்.

எலும்பெல்லாம் புற்று பரவிய மீனவர் அவர். டாக்டர் போடும் ஊசியால் வலியில்லாமல் உயிரை விடலாம் என்று கனடா சட்டம் அவருக்கு அனுமதி தந்துவிட்டது. கன்னியாஸ்திரிகள் இந்தத் தீவில் நடத்தும் நோயாளிகள் விடுதி தரவில்லை. அதற்கு டவுன் ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும். பனி உருகிக் குண்டும் குழியுமாய்க் கிடக்கிற மலைப்பாதை. புரட்டிப் படுக்கவைத்தாலே அலறுகிற உடம்பு.

அந்தப் பாதையில் மட்டும் அனுப்பாதீர்கள் என்று மதர் இமெல்டாவிடம் ஃப்ளோரா கெஞ்சிப் பார்த்தாள். மதர் சிரித்துப் பார்த்தவர்கள் அந்தத் தீவிலேயே இரண்டு பேர்தான். ஒருவர் செத்துப்போனார், மற்றவர் பொய்யர்.

"வேலிக்கு இந்தப் பக்கம் அது நடக்காதும்மா. விதின்னா விதிதான்."

மறுநாள் ஆரம்பித்ததுதான் அந்த டக், டக்.

குறித்த நாள் வந்தது. ஆம்புலன்ஸ் வரவில்லை. மதர்தான் வந்தார். கட்டிலின் சக்கரப் பூட்டை விடுவித்துத் தள்ள ஆரம்பித்தார்.

தோட்டத்தில் வழுவழுவென்று புதுப் பலகைப் பாதை. ஒரு குலுங்கல் இல்லை. ஹெக்டர் முனகக்கூட இல்லை. பாதை வேலிக் கதவைத் தாண்டி, மதரின் தம்பி லியோவின் படகுக் கொட்டகைக்குப் போயிற்று. சிங்கி இறால் பிடிக்கும் கூடுகளையெல்லாம் வெளியே அடுக்கியிருந்தான் லியோ. உள்ளே விறகடுப்புக் கதகதப்பு. திறந்த கதவுக்கு எதிரே கடல். டாக்டர் தேநீரோடு காத்திருந்தார்.

ஃப்ளோரா கட்டிலின் மேல் குனிந்தாள். "அப்பா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். உன்கிட்டச் சொன்னா, சாயங்காலத்துக்குள்ள பிஷப்புக்கே தெரிஞ்சிருக்கும்."

வேலிக் கதவருகே கட்டிலை லியோவிடம் விட்டுவிட்டு மதர் நின்றுவிட்டிருந்தார். ஃப்ளோரா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள். கட்டைவிரல் நகம் கன்றிக் கருத்திருந்தது. சுத்தியல் பிடித்துப் பழகாத கை.

"உள்ள வாங்க மதர்."

"மாட்டேன். அங்க நடக்கப்போறது எனக்குச் சம்மதமில்ல." கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். "உங்கப்பாவுக்கு வலிக்கறதும் சம்மதமில்ல."