வாசலில் கிடந்த செருப்பு

"கம்ப்யூட்டரெல்லாம் நமக்கெதுக்கு அம்மணி? டைப்ரைட்டிங் கத்துக்கோ, வேலை நிச்சயம்" என்று பிளஸ் ஒன் படிக்கும் மகள் யுவஸ்ரீயைச் சிங்காநல்லூரில் டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்த்துவிட்டிருந்தாள் பொற்கொடி. மில்லிலிருந்து திரும்பும்போது, வகுப்பு வாசலில் மகளின் சிவப்புச் செருப்பைப் பார்த்தால்தான் அவளுக்கு நிம்மதி.

அன்று பொற்கொடி தன் செருப்பையும் அதன் பக்கத்தில் கழற்றிவிட்டு உள்ளேயே போய்விட்டாள்.

"ஏனுங்க மாஸ்டர், யுவஸ்ரீ எப்படி அடிக்கறாளுங்க?"

"அந்தப் புள்ள இங்க வர்றத நிறுத்தி ஆறு மாசமாச்சுங்களே!"

"செருப்பு வாசல்ல கெடக்குதுங்களே?"

மாஸ்டர் சிரித்துக்கொண்டே மாடியைக் கைகாட்டினார். அங்கே கம்ப்யூட்டர் வகுப்பு.

வெயிலில் கொதித்த படிகளில் பொற்கொடி வெறுங்காலோடு ஏறினாள். மேலே, நாலு பேருக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த யுவஸ்ரீ, அம்மாவைக் கண்டதும் பாதியில் நிறுத்தினாள்.

"நாளையிலிருந்து செருப்ப மேல வந்தே கழட்டி உடு கண்ணு. படி என்னமாச் சுடுது!"