வலது பக்கத்துக் கடல்

"எல்லாரும் இடது பக்கம் வாங்க! வாலைத் தூக்கப் போகுது!"

ஒலிபெருக்கியில் படகோட்டி கத்தியதும், முப்பது பேரும் இடது கம்பியில் போய் ஒட்டிக்கொண்டார்கள். படகே ஒருபக்கமாகச் சாய்ந்தது. கொஞ்ச தூரத்தில் ஒரு பெரிய எண்ணெய்த் திமிங்கிலம் மரக்கட்டைபோல் மிதந்துகொண்டிருந்தது.

தொகுஜி முழங்கையால் இரண்டு பேரை விலக்கி முன்னால் இடம் பிடித்தார்.

"பையை நனைய விடாத. கடலைப் பாக்காத, வாந்தி எடுப்ப," என்று மனைவியிடம் திரும்பாமலே சொன்னார்.

ஹருயோ இரண்டு காமிராப் பைகளோடு நடுவில் நின்றாள். முதல் வருடம் இதே ரௌசு ஊர்க் கடலில் வாந்தி எடுத்தவர் அவர்தான். முதுகைத் தடவிவிட்டது அவள். ஊருக்குப் போய்ச் சொன்னபோது அது அவளுடைய வாந்தியாக மாறிவிட்டது.

இது ஐந்தாவது கோடை. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இங்கே எப்போதாவது தலைகாட்டும் வெள்ளை ஓர்க்கா. மற்ற கொலைகாரத் திமிங்கிலங்கள் கருப்பாக இருக்க, அது மட்டும் வெளுத்துப் பிறந்ததாம். நேற்று பஸ்ஸில், பக்கத்து இருக்கைக்காரர் தூங்கிப்போகும்வரை, தொகுஜி அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

பின்னால் யாரோ பெருமூச்சு விட்டதுபோல் இருந்தது.

ஹருயோ திரும்பினாள்.

வலது பக்கம், படகை உரசும் தூரத்தில், அது.

பால் வெள்ளை இல்லை. கழுவிய அரிசியின் நிறம். முதுகெல்லாம் கீறல்கள். ஒட்டினாற்போல் ஒரு கருப்புக் குட்டி.

இடது பக்கம் முப்பது முதுகுகள். ஒருவர்கூடத் திரும்பவில்லை.

'என்னங்க' தொண்டைவரை வந்துவிட்டது. நாற்பது வருடமாக, நல்லது எதைக் கண்டாலும் முதலில் வருகிற சொல். மீனின் நல்ல துண்டு, ஜன்னலோர இருக்கை, முதல் வெந்நீர்க் குளியல், எல்லாம் அந்தச் சொல்லோடு அவரிடம் போய்ச் சேர்ந்துவிடும்.

வாயை மூடிக்கொண்டாள்.

பைகளைக் கீழே வைத்தாள். ஈரத்தில்தான் வைத்தாள். இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக் குனிந்தாள். மீன்வாடையோடு மூச்சுத் துளிகள் முகத்தில் தெறித்தன. துடைக்கவில்லை.

வெள்ளை முதுகு மெல்ல வளைந்து, தண்ணீருக்குள் பச்சையாகி, மறைந்தது. குட்டியும் போனது.

அப்போதுதான் இடது பக்கம் வால் எழுந்தது. ஒரே கூச்சல்.

தொகுஜி காமிராவின் சின்னத் திரையைத் தட்டிக்கொண்டே வந்தார். "அந்தப் பக்கம் ஏதாச்சும் வந்துச்சா?"

"வெள்ளை வந்துச்சு. குட்டியோட."

"ம்," என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கரையில் பஸ் தயாராக நின்றது. "அடுத்த வருஷம் கட்டாயம் பாத்துடலாம். ஏறு," என்றார்.

ஹருயோ பைகள் இரண்டையும் அவர் கையில் கொடுத்தாள்.

"நான் வரல. இங்கதான் இருக்கப்போறேன். கடற்பாசி காயவைக்கிற வேலை கிடைச்சிருக்கு."

"என்ன உளறுற? எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"வீட்ல ஒரு தடவை சொன்னேன். நேத்து சாப்பிடும்போது ஒரு தடவை சொன்னேன். ரெண்டு தடவையும் 'ம்'னு சொன்னீங்க."

ஓட்டுநர் ஹாரன் அடித்தார். ஜன்னல்களில் முகங்கள் முளைத்தன.

"ஒரு வாரம் தாங்க மாட்ட," என்று சொல்லிவிட்டுத் தொகுஜி விறுவிறுவென்று ஏறினார்.

கடற்பாசிக் கொட்டகைக்காரி சவாகோ ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸுடன் காத்திருந்தாள். "கொஞ்சம் பெருசுக்கா, பரவால்லையா?"

ஹருயோ உட்கார்ந்து ஒரு காலை நுழைத்தாள்.

பஸ் நகர்ந்தது. ஜன்னல் ஒன்று திறந்து, தொகுஜியின் தலை வெளியே வந்தது.

"என் மாத்திரை எந்தப் பையில இருக்கு?"

"அக்கா, உங்களைத்தான் கேக்குறாரு," என்றாள் சவாகோ.

ஹருயோ அடுத்த காலையும் நுழைத்துக்கொண்டாள்.

"தேடட்டும்."