பின்பக்க வேலி

"அங்க வேண்டாம் மேடம்" என்று தலைமையாசிரியர் மறுபடியும் சொன்னார்.

ஆர்க்கிடெக்ட் வரைபடத்தைச் சுருட்டினாள். சுருட்டிய வேகத்தில் ஓரம் கிழிந்தது.

புறநகரில் இருந்த அந்தப் பள்ளிக்குப் புதிதாக வகுப்பறைகள் கட்ட வேண்டும். எங்கே கட்டலாம் என்று இடத்தை அலசிப் பார்த்துச் சொல்லும்படி பள்ளி நிர்வாகம் அவளை அனுப்பியிருந்தது. வெயிலில் நின்று, சேற்றில் இறங்கி, காற்று எந்தப் பக்கம் வருகிறது, மழைத் தண்ணீர் எங்கே ஓடுகிறது, எந்தத் தெருவில் இரைச்சல் என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. பின்பக்கம்தான், சந்தேகமே இல்லை. மேட்டு நிலம், நல்ல காற்று, வண்டிச் சத்தம் இல்லாத தெரு. அந்தத் துருப்பிடித்த கம்பி வேலியை எடுத்துவிட்டுச் சுவர் எழுப்பினால், கண்ணை மூடிக்கொண்டு கட்டலாம்.

இவர்தான் பிடி கொடுக்க மாட்டேன் என்கிறார். முதலில் பாம்பு வரும் என்றார். பிறகு மண் சரியில்லை என்றார். மண் பரிசோதனை முடிவைக் கொண்டுவந்து காட்டினாள். இப்போது அந்தப் பக்கம் மனசுக்கு ஒப்பவில்லையாம்.

"உங்க அம்மாகூட என் சமையல்ல இத்தனை குறை கண்டுபிடிச்சதில்லைங்க" என்று அன்று வீட்டில் கணவனிடம் பொரிந்து தள்ளினாள். அவன் சிரித்துக்கொண்டே எழுந்துபோய், அம்மா காதில் விழாதபடி கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

மறுநாள் காலை, பிள்ளைகள் வரும் நேரத்தில் பள்ளி வாசலில் எவ்வளவு நெரிசல் என்று பார்க்கப் போனாள்.

மணி அடித்தது. அதன் ஓசை அடங்குவதற்குள் தலைமையாசிரியரே வந்து கேட்டை இழுத்துப் பூட்டினார். பிந்தி ஓடிவந்த பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"பஸ் லேட் சார்" என்றாள் ஒரு பெண். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"மணி அடிச்சா அடிச்சதுதான். வீட்டுக்குப் போ."

சொல்லிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தார்.

ஆர்க்கிடெக்ட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷனா இவர்? ஆனால் அதைக் கேட்பது தன் வேலை இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பின்தெருவின் அகலத்தை அளக்கப் போனாள்.

அங்கே போனால், வாசலில் நின்ற அதே பிள்ளைகள். புதர் மறைத்த இடத்தில் வேலியில் ஓர் ஓட்டை. பையை முதலில் தள்ளிவிட்டு, ஒவ்வொருவராகக் குனிந்து உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். பஸ் லேட் என்ற பெண் இவளைக் கண்டதும் உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு நுழைந்துகொண்டாள்.

சிரிப்பு வந்தது. முன்வாசலில் அவ்வளவு கெடுபிடி காட்டுகிற ஆள், பின்னால் கோட்டை விட்டிருக்கிறார். சிரிப்பு அடங்கியதும் எரிச்சல் திரும்பியது. பிள்ளைகள் நுழைகிற வழியில் வேறு யார் வேண்டுமானாலும் நுழையலாமே?

நேரே அவர் அறைக்குப் போனாள்.

"சார், பின்பக்க வேலியில ஓட்டை இருக்கு. தெரியுமா?"

"எந்த ஓட்டை?" அவர் தலை நிமிரவில்லை.

"வாங்க, காட்டறேன்."

அவர் வரவில்லை. வேலை இருக்கிறது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். கட்டடத்தை வேறு எங்கே வேண்டுமானாலும் கட்டுங்கள், மைதானத்தில் பாதியைக்கூட எடுத்துக்கொள்ளுங்கள், பின்பக்கம் மட்டும் வேண்டாம் என்று பழையபடி ஆரம்பித்தார்.

அத்தோடு அவள் பொறுமை போயிற்று. இவரிடம் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசி என்ன பயன்? வேலியின் லட்சணத்தைப் படம் எடுத்து நிர்வாகத்துக்கே அனுப்பிவிட்டால், அவர்கள் உடனே சுவர் எழுப்பிவிடுவார்கள்.

சாயங்காலம் பள்ளி விட்டபின், போனைக் கையில் பிடித்தபடி பின்தெருவுக்கு வந்தாள்.

வேலிக்கு உள்பக்கம் தலைமையாசிரியர் மண்ணில் மண்டியிட்டிருந்தார். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். கையில் குறடு.

சொன்னது உறைத்துவிட்டது, ஓட்டையை அடைக்கிறார் என்று நினைத்தாள். கிட்டே போய்ப் பார்த்தாள். அவர் அடைக்கவில்லை. நீட்டிக்கொண்டிருந்த கம்பி முனைகளை ஒவ்வொன்றாக மடக்கி, மடக்கிய இடத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிழல் விழுந்ததும் நிமிர்ந்தார்.

"கேட்டைப் பூட்டறது நிர்வாகத்தோட உத்தரவு மேடம். அதை மாத்தச் சொல்லிக் கேட்டுப் பார்த்துட்டேன். நடக்கல" என்றார்.

அவள் போனைப் பைக்குள் போட்டாள். வேலிக்கு இந்தப் பக்கம், அவருக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள்.

"சுவர் கட்டினாலும் இங்க ஒரு சின்னக் கதவு வைக்கலாம் சார். உள்ளேயிருந்து தாழ் போடற மாதிரி. வரைபடத்துல தோட்டக் கதவுன்னு போட்டுடறேன், யாரும் கேட்க மாட்டாங்க. எவ்வளவு அகலம் வேணும்?"

அவர் குறட்டைக் கீழே வைத்தார். சிவந்து போயிருந்த விரல்களை நீவிவிட்டுக்கொண்டார்.

"கொஞ்சம் தாராளமாவே வைங்க மேடம். பிள்ளைங்க வளர்றாங்க, வருஷா வருஷம் வெட்டி அகலமாக்கி என் கை ஓஞ்சு போச்சு."