தலை பின்னும் பாடம்

இந்த ஞாயிறும் பூசை முடிந்த கையோடு இராயப்பு மகளையும் சீப்பையும் கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டான்.

பிரான்சிலிருக்கும் என் மகன், தன் முகத்தை நான் பார்ப்பதற்கென்று வாங்கித் தந்த கொம்பியூட்டர். அதில் இவன் தலை பின்னப் படிக்கிறான்.

படிப்பிக்கிறவள் குவைத்தில் வீட்டு வேலை செய்யும் அவன் பெண்சாதி மேரிசுகந்தி. கடலுக்குப் போக நேவியின் அனுமதியில்லாமல், வீட்டோடு இருந்து பிள்ளை பார்க்கிற மனிதனுக்கு இது பெரிய பட்டப்படிப்பு.

நான் பின்னிவிட்டால் இரண்டு நிமிட வேலை. விடமாட்டான். தாய் சொல்லச் சொல்லத் தகப்பன்தான் பின்ன வேண்டுமாம். அப்படியாவது பிள்ளை தன்னை நிமிர்ந்து பார்க்கும் என்று சுகந்திக்கு ஒரு நினைப்பு.

நிலக்சனா பார்த்தால்தானே. தாய் பிளேன் ஏறும்போது பால்குடி மறவாத பிள்ளை. இப்போது ஆறு வயது. தாயின் குரல் கேட்டதும் கதிரையில் குனிந்து நகம் கடிக்கத் தொடங்கிவிடும்.

நேரமும் சுகந்தி வைத்ததுதான். மத்தியானம் கதைக்கலாம் என்றால் ஏலாதாம். காலை எட்டரைதான் மகாராணிக்கு வசதி.

இன்னொரு கூத்தும் உண்டு. பின்னிக் காட்டுவதற்கென்றே பெரிய பொம்மை ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள். படத்தில் அதன் பின்னந்தலையும் இவளுடைய கைகளும்தான் தெரியும். இடுப்பு வரை கறுத்த மயிர். அதைப் பெற்ற பிள்ளைக்கு அனுப்பினாலாவது விளையாடும். காசைக் கண்டால் சிலர் இப்படித்தான்.

இன்றைக்கும் படம் விட்டு விட்டுத்தான் வந்தது. இராயப்பு மூன்று பிரியை நாலாக்கி, நாலையும் சிக்காக்கி, வியர்த்துப்போய் நின்றான்.

"உதென்னப்பா, வலையே பொத்துறியள்? மெதுவா இழுங்கோ, பிள்ளைக்கு நோகும்" என்று ஸ்பீக்கரில் சுகந்தி சிரித்தாள்.

எனக்கும் சிரிப்புத்தான். ஊர்காவற்றுறைக் கடலில் எந்தக் காற்றுக்கும் அசையாத கை, ஒரு றிபனிடம் தோற்றுப்போகிறது.

அப்போது பொம்மை கொட்டாவி விட்டது.

பிறகு எங்கள் பக்கம் திரும்பியது. பள்ளிக்கூட உடுப்புப் போட்ட அரபுச் சிறுமி. கண்ணில் நித்திரை கலையவில்லை. சுகந்தி அவள் நாடியைப் பிடித்து மெல்ல மற்றப் பக்கம் திருப்பிவிட்டு, தொடர்ந்து பின்னினாள்.

எங்கள் எட்டரைக்கு அங்கே விடிகாலை. அந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுகிற நேரம்.

நிலக்சனா வாயிலிருந்து விரலை எடுத்தாள். முதன்முறையாக நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள். கனநேரம் பார்த்தாள்.

"அப்பா, அவ அந்தப் பிள்ளையின்ரை அம்மாவோ?"

இராயப்பு பின்னலை விட்டுவிட்டுப் பாய்ந்து மைக்கைக் கையால் மூடினான்.

இங்கே பேசுவது அங்கே போய்ச் சேரக் கொஞ்சம் பிந்தும். படத்தில் சுகந்தியின் கைகள் பின்னிக்கொண்டேயிருந்தன.

பிறகு நின்றன.