ஆளுக்குப் பாதி

"கமிஷன்ல ரெண்டு பங்கு எனக்கு, ஒரு பங்கு உனக்கு. வீட்டைப் பிடிச்சது நான்..."

"வாங்குற ஆளைப் பிடிச்சது யாருண்ணே? ஆள் இல்லாம வீட்டை வச்சு என்ன செய்வீங்க, பார்த்துக்கிட்டே இருப்பீங்களா?"

மலேசியாவின் ஈப்போ, புந்தோங்கில் மங்களத்தின் வீட்டு வாசலில் நின்று இருவரும் கத்திக்கொண்டிருந்தார்கள். சுரேன், வீட்டை விற்கும் மங்களத்தின் ஏஜென்ட். ஷாமினி, வாங்க வந்திருக்கும் கார்த்திகேசுவின் ஏஜென்ட். இருவருக்குமே இந்த மாதம் ஒரு வீட்டு வியாபாரம்கூட முடியவில்லை.

"பத்தலன்னா உன் ஆள்கிட்டயே கேட்டு வாங்கிக்கோ லா."

"வாங்குறவரு எதுக்குக் குடுக்கணும்? விக்கிறவங்க குடுக்குற கமிஷனைத்தான் ரெண்டு ஏஜென்ட்டும் பிரிச்சுக்கணும். ஆளுக்குப் பாதி. அதுதானே வழக்கம்?"

"வழக்கமாம்! புருஷன் தவறிப் போனப்புறம் தனியா இருக்கப் பயமா இருக்குன்னு விக்கிறாங்க அந்தம்மா. இன்னைக்கு விக்கிறேம்பாங்க, நாளைக்கு வேணாம்பாங்க. பேசிப் பேசி என் தொண்டைத் தண்ணி வத்திப் போச்சு."

"என் ஆள் மட்டும் சும்மாவா? அவரு வேலை பார்த்த சுங்கை சிப்புட் தோட்டத்தை வித்துட்டாங்க, தோட்டத்துக் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். ஒண்டிக்கட்டை. எத்தனையோ வீடு காட்டிட்டேன், எதுக்குள்ளயும் கால் வைக்கல. இந்த வீட்டை மட்டும் அஞ்சு தடவை வந்து பார்த்துட்டாரு. அவ்வளவு பிடிச்சுப் போச்சு!"

அப்போது உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. முதலில் மங்களம். பிறகு, வீடு பார்க்க உள்ளே போயிருந்த கார்த்திகேசு. பிறகு இருவரும் சேர்ந்து.

சுரேன் உள்ளே எட்டிப் பார்த்தான். "அலாமாக்! நம்மள வெளிய விட்டுட்டு அவங்களே நேரா விலை பேசி முடிக்கிறாங்க போல."

"நல்லா சண்டை போடுங்கண்ணே. உங்களுக்கும் இல்ல, எனக்கும் இல்ல."

"சரி சரி, ஆளுக்குப் பாதி. வா, ஓடு!"

செருப்பை ஆளுக்கொரு மூலையில் உதறிவிட்டு இருவரும் சமையலறைக்குள் பாய்ந்தார்கள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கார்த்திகேசு மேசையருகே உட்கார்ந்து பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஆன்ட்டி, எங்க பிரச்சினை தீர்ந்துச்சு," மூச்சு வாங்கச் சொன்னான் சுரேன். ஷாமினி பத்திரத்தைப் பயத்தங்காய்க்குப் பக்கத்திலேயே விரித்தாள். "அங்கிள், இங்க ஒரு கையெழுத்து. ஆன்ட்டி, நீங்க இங்க. அவ்வளவுதான்."

கார்த்திகேசு தலையை நிமிர்த்தவில்லை. காதுமடல் மட்டும் சிவந்தது. மங்களம் அவரைப் பார்த்தாள், பிறகு குழம்பைக் கிண்டினாள்.

"நான் வீட்டை விக்கல தம்பி."

ஷாமினி கேட்டாள். "அப்ப அங்கிள் எங்க போவாரு?"

"எங்கயும் போகல. இங்கதான் இருக்கப் போறாரு," என்றாள் மங்களம். "எங்க கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்து நீங்க ரெண்டு பேரும்தான் போடணும்."