பத்தொன்பது கையெழுத்துகள்

"அந்த மிலிட்டரி வீட்டுக்கு மட்டும் அந்தப் பிள்ளை போயிரக் கூடாதுடி. கடிச்சுத் துப்பிருவாரு."

குழாயடியில் யாரோ சொன்னது முத்துசெல்வியின் காதில் விழுந்தபோது, அவள் அந்த வீட்டு வாசலில்தான் நின்றிருந்தாள்.

"கொசு விட வந்திருக்கியோ?" என்றார் சொரிமுத்து.

"டெங்குவத் தடுக்குத கொசு, அண்ணாச்சி. அதுக்குள்ள ஒரு பாக்டீரியா இருக்கு. அது இருந்தா டெங்கு கிருமி கொசுவுக்குள்ள சரியா வளராது. இது இடுத முட்டைக்கும் அந்த பாக்டீரியா போயிரும்."

"என்னைக் கடிச்சா எனக்கு ஒட்டுமா?"

"ஒட்டாது."

"என் ஆட்டுக்கு?"

"ஒட்டாது, அண்ணாச்சி."

"அப்ப கடிக்கத்தான் செய்யும்?"

"...கடிக்கும்."

முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார். முடிவில், "கையெழுத்து கிடையாது. போ" என்றார்.

மற்ற பத்தொன்பது வீட்டிலும் ஒரு கேள்வி இல்லை. சாரலில் நனைந்து வந்தவளுக்குக் காப்பி கொடுத்து, கையெழுத்தும் போட்டார்கள். வீட்டு எண் எழுதிய மூடி வாளியும் முட்டைப் பொட்டலமும் கொடுத்தாள். தண்ணீர் ஊற்றி, பொட்டலத்தைப் போட்டு, பதினைந்து நாள் தொடாமல் இருந்தால் போதும்.

"அஞ்சு வாளியாவது பொரிக்கணும். இல்லன்னா அந்தத் தெருவைத் திட்டத்துல இருந்து எடுத்துருவோம்" என்று அவள் வேலை பார்க்கும் சுகாதார ஆபீசில் சொல்லியிருந்தார்கள். போன வருடம் அந்தத் தெருவில் ஏழு பேருக்கு டெங்கு.

பதினாறாம் நாள் வந்தாள்.

கல்யாணசுந்தரி வீட்டு வாளியில் துளசி நின்றது.

"தண்ணி தேங்குனா முனிசிபாலிட்டியில அபராதம் போடுவாங்கல்லா? அன்னிக்கே கொட்டிட்டேன்."

அடுத்த வீட்டில் வாளியை வெந்நீர் ஊற்றிக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். "உள்ள கொசு முட்டைல்லா கிடந்துச்சு!"

சில வீட்டில் வாளியே இல்லை.

"பின்ன ஏன்க்கா கையெழுத்துப் போட்டீங்க?"

"உன் முகம் வாடிரக் கூடாதுல்லா" என்றாள் கல்யாணசுந்தரி, பாசமாக.

பத்தொன்பது வீடும் முடிந்தது. ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. முத்துசெல்வி குடையை விரித்தாள்.

"ஏ கொசுக்காரி! இங்கன வா."

சொரிமுத்து தன் வீட்டுப் பின்பக்கம் அழைத்துப் போனார். கொய்யா மரத்து நிழலில் ஆறு வாளிகள் அணிவகுத்து நின்றன. ஒவ்வொன்றிலும் வேறு வேறு வீட்டு எண்.

"நீ குடுத்துட்டுப் போன மறுநாளே குப்பைத்தொட்டியில கிடந்துச்சு. பொட்டலத்தைப் பிரிக்கக்கூட இல்ல, கழுதைங்க."

முதல் வாளியின் மூடியைத் திறந்தார். பத்திருபது கொசுக்கள் எழும்பின. ஒன்று அவர் முன்கையில் வந்து உட்கார்ந்தது.

அடிக்க ஓங்கிய கையை மெல்ல இறக்கிக்கொண்டார்.