ஐந்தாவது ஈயக்கட்டி

"ரேஸ் முடியட்டும்மா. அப்புறம் சாப்பிடுறேன்" என்று சாப்பாட்டு டப்பாவைத் தள்ளி வைத்தாள் மகள்.

ஸ்பேனரும் கையுமாக கோ-கார்ட் என்னும் குட்டிப் பந்தய வண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "பாத்தியா? ஜெயிக்கிறவங்களுக்கு வாயைக் கட்டத் தெரியணும். இவளுக்கு அதைச் சொல்லியே கொடுக்க வேண்டாம்" என்றார் மனைவியிடம்.

டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. "நேத்தும் இதையேதான் சொன்னா. நேத்து என்ன ரேஸ் இருந்துச்சு?"

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கார்ட் பந்தயம்தான் அந்த வீட்டின் ஞாயிற்றுக்கிழமை. அவர் மெக்கானிக், மனைவி டயருக்கும் ஸ்டாப்வாட்சுக்கும் பொறுப்பு, மகள் டிரைவர். அவரே ஓட்ட ஆசைப்பட்டவர்தான். தொப்பை சீட்டுக்குள் நுழைய மறுத்த அன்று ஆசையை மகள் தலையில் கட்டிவிட்டார்.

போன சீசன் முடிவில் ஒரு வளைவில் வண்டி கவிழ்ந்து மகளுக்குத் தோள் எலும்பு முறிந்தது. கட்டுப் பிரித்த கையோடு மறுபடி சீட்டில் உட்கார வைத்தார். "பயமா இருக்கா?" என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள், "என் பொண்ணாச்சே, பயப்படுவாளா?" என்று பதிலையும் அவரே சொல்லிவிட்டார்.

எடை விதியையும் அன்றைக்குத்தான் விளக்கினார். வண்டியும் ஆளும் சேர்ந்து இவ்வளவு எடை இருந்தாக வேண்டும். குறைந்தால் சீட்டில் ஈயக்கட்டி வைத்து முடுக்கி ஈடுகட்டலாம். "ஆள் ஒல்லியா இருந்தா நமக்குத்தான் லாபம். ஈயம் தரையோட தரையா கிடக்கும், வளைவுல வண்டி ஒட்டிக்கிட்டுப் போகும்."

அதிலிருந்துதான் மகள் தட்டில் பாதி மிஞ்ச ஆரம்பித்தது. எவ்வளவு சூட்டிகை என்று அவர் வியந்துபோனார். சீட்டில் ஒரு கட்டி இரண்டானது. இப்போது நான்காவதும் ஏறிவிட்டது.

"அவளுக்கு இதெல்லாம் பிடிச்சிருக்கான்னு ஒரு தடவை கேளுங்களேன்" என்றாள் மனைவி.

"வேணாம்னு அவ வாயைத் திறந்து சொன்னாளா?"

சொல்லவில்லைதான். மனைவி டயர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எடை மேடைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே நின்ற அதிகாரிக்கு கிளப்பில் 'தராசு' என்று பெயர். சொந்தத் தம்பியே வந்தாலும் வளைந்துகொடுக்க மாட்டார். இன்று அவர் தலையசைத்தால்தான் இந்த சீசனில் ஓட்ட முடியும்.

"அங்கிள், நாலு கட்டிக்கு மேல போடக் கூடாதா?" என்று கேட்டாள் மகள்.

"சீட்டு தாங்காதும்மா. ஓடும்போது கழண்டு பறந்தா யாரு மண்டையில விழும்னு தெரியாது. நாலு போட்டும் எடை வரலைன்னா ஓட்ட முடியாது."

விதியெல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கிறாளே என்று அப்பா தராசைப் பார்த்துக் கண்ணடித்தார்.

மகள் சீட்டில் உட்கார்ந்ததும் மேடையின் முள் ஏறியது, தயங்கியது, கோட்டுக்குக் கீழேயே நின்றுவிட்டது.

"மெஷினைக் கொஞ்சம் பாருங்க சார்" என்றார் அப்பா.

"மெஷின் சரியாத்தான் இருக்கு. நீங்க குழந்தையைக் கொஞ்சம் பாருங்க. போய் ஏதாவது சாப்பிட வச்சுக் கூட்டிட்டு வாங்க."

அப்பா அவளைத் தங்கள் வேனுக்குப் பின்னால் கூட்டிப்போய் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "ஒரே மூச்சுல குடிச்சிடுடா கண்ணு. எடை வந்துடும்."

"வேண்டாம்ப்பா. குமட்டுது."

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். பெட்டியிலிருந்து இன்னொரு ஈயக்கட்டியை எடுத்து அவள் ஜாக்கெட்டின் உள்பையில் செருகினார். தொளதொளவென்று தொங்கிய ஜாக்கெட் அதைச் சத்தமில்லாமல் விழுங்கிக்கொண்டது. கை அவள் விலா எலும்புகள் மேல் பட்டது. ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் போலிருந்தது. அவருக்குத் திக்கென்றது, ஆனாலும் ஜிப்பை மேலே இழுத்து மூடினார்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதே. இன்னிக்கு ஒரு நாள்தான்."

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேடையேறி சீட்டில் உட்கார்ந்தாள். முள் கோட்டைத் தாண்டியது. தராசு தலையசைக்கப் போனார்.

மகள் ஜிப்பை இறக்கினாள். ஈயக்கட்டியை எடுத்து தராசின் கையில் வைத்தாள். "இது அஞ்சாவது, அங்கிள்."

அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை.

தராசு கட்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பெத்த பொண்ணு உடம்புல ஒளிச்சு வச்சீங்களா சார்? இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

"தப்பு என்னோடது. என்னைத் தள்ளி வைங்க, அவளை விட்டுடுங்க" என்று கெஞ்சினார். கூட்டமே வேடிக்கை பார்த்தது. தராசு அசையவில்லை.

அப்பா மகள் முன்னால் அப்படியே முழங்காலிட்டார். கோபம்கூட வரவில்லை, இவ்வளவு நேர்மையான பிள்ளையின் கனவை நாமே மண்ணாக்கிவிட்டோமே என்று நொந்துகொண்டார். "ஏன்டா கண்ணு? ஜெயிக்கணும்னுதானே இத்தனை நாள் பட்டினி கிடந்தே?"

அவள் அவரைப் பார்க்கவில்லை. தராசிடம் திரும்பினாள். "நிஜமாவே இனிமே என்னை ஓட்ட விடமாட்டீங்களா அங்கிள்?"

"விடமாட்டோம்மா."

ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்தாள். அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"அம்மா, அந்த டப்பாவைக் குடு. ரொம்பப் பசிக்குது."